ஜெர்மன் வீட்டில் சாம்பார் வைப்பது எப்படி

தலைப்பைப் பார்த்துச் சமையல் குறிப்பு தேடி வந்திருந்தால் மன்னிக்கவும். சாம்பார் வைக்க உங்களுக்கே தெரியும், நான் சொல்லப்போவது அதை வைக்கிற வீட்டைப் பற்றி. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் 11 வருடமாகக் குப்பை கொட்டுகிறேன், அதுவும் நிஜமாகவே நாலு தொட்டியில் பிரித்துப் பிரித்துக் கொட்டுகிறேன், மூன்று வீடு மாறியாயிற்று. புதிதாக வருகிறவர்கள் கேட்கிற கேள்வி எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். இங்குள்ள வீடு, மத்தியானம் வெளியில் சூடாகச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் ரொட்டியும் சீஸும் தின்று படுக்கிற ஆட்களுக்குப் பழகிய வீடு. குளிருக்குப் பயந்து ஜன்னல் எல்லாம் காற்றுப் புகாமல் அடைத்திருக்கும். அதற்குள் குக்கரும் இட்லிப் பானையும் ரசமுமாக மூன்று வேளையும் ஆவி பறக்க நாம் போய் உட்காருகிறோம். அந்த ஆவி எங்கே போகும்? இங்கே நம் ஆட்களுக்கும் வீட்டுக்காரருக்கும் வருகிற சண்டையில் பாதி அந்த ஆவியால் வருவதுதான்.

காலி வீடு என்றால் காலி வீடுதான்

வாடகை விளம்பரத்தில் 2 அறை என்று போட்டிருந்தால் படுக்கையறை 1, ஹால் 1 என்று அர்த்தம். சமையலறையும் குளியலறையும் அந்தக் கணக்கில் வராது. வாடகை இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள்: கால்ட்மீட்டெ என்பது வெறும் வாடகை, வார்ம்மீட்டெ என்பது பெரும்பாலும் ஹீட்டிங், தண்ணீர், குப்பைக் கட்டணம் எல்லாம் சேர்த்தது. கரண்ட்டும் இன்டர்நெட்டும் அதற்கும் வெளியே, நீங்களே தனியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். அட்வான்ஸ் 3 மாதக் கால்ட்மீட்டெக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை, அதையும் 3 தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. இது தெரியாமல் முழுத்தொகைக்காகக் கடன் வாங்கியவன் நான்.

சாவி வாங்கின அன்று ராத்திரி கதவைத் திறந்தால் சுவிட்ச் இருக்கிறது, லைட் இல்லை. கூரையில் மூன்று கம்பி தொங்குகிறது. அவ்வளவுதான். முந்தைய குடித்தனக்காரர் தன் விளக்கைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். இங்கே அதுதான் வழக்கம், அவர்மேல் தப்பில்லை. மொபைல் டார்ச்சைத் தலைகீழாக வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனால் அங்கே சிங்க் இல்லை, அடுப்பு இல்லை, அலமாரி இல்லை. சுவரில் இரண்டு தண்ணீர்க் குழாய் முனையும், தரையோரம் ஒரு கழிவு ஓட்டையும், மூடி போட்ட ஒரு கரண்ட் பெட்டியும்தான். இத்தனைக்கும் இன்று உலகம் முழுக்க இருக்கிற மாடுலர் கிச்சனுக்கு முன்னோடி பிறந்தது இதே நாட்டில்தான்: 1926இல் பிராங்க்பர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டெ ஷுட்டெ-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் வரைந்த சின்னஞ்சிறு சமையலறை, ஏறக்குறைய 10,000 வீடுகளில் சுவரோடு சுவராகப் பதிக்கப்பட்டது. நூறு வருடம் கழித்து அதே நாட்டில் சமையலறையைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு வீடு மாறுகிறார்கள்.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போதே கேளுங்கள்: சமையலறை இருக்கிறதா, அது வீட்டுக்காரருடையதா, காலி செய்கிறவருடையதா? காலி செய்கிறவருடையது என்றால் அவர் ஒரு விலை சொல்வார், ஆப்லோஸெ என்பார்கள். தாராளமாகப் பேரம் பேசலாம். கழற்றிக்கொண்டு போகிற வேலை அவருக்கும் தலைவலிதான், அதனால் கடைசி வாரத்தில் விலை இறங்கும். விளம்பரத்தில் ஐன்பவ்கூஹெ என்ற வார்த்தை இருந்தால் சமையலறை இருக்கிறது என்று பொருள், அந்த வீட்டுக்கு 50 பேர் வரிசையில் நிற்பார்கள் என்றும் பொருள்.

விளக்கு மாட்டுவது பெரிய வேலை இல்லை. மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, நீலக் கம்பி நீலத்தோடு, பச்சை-மஞ்சள் பச்சை-மஞ்சளோடு, பழுப்போ கறுப்போ அதனோடு. பழைய கட்டடத்தில் மட்டும் நிறத்தை நம்பக் கூடாது, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். மின்அடுப்பை எக்காரணம் கொண்டும் நீங்களே இணைக்காதீர்கள். அது பெரும்பாலும் 400 வோல்ட், மூன்று ஃபேஸ் இணைப்பு, எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டும்.

சுவரில் ஓட்டை போட்டு அலமாரி மாட்டலாமா என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். போடலாம், அளவோடு. சுவரில் சொரசொரவென்று ரவை ஒட்டினமாதிரி ஒரு காகிதம் ஒட்டி வெள்ளை அடித்திருக்கும், ரவுஃபாஸர் என்று பெயர், 1864இல் கண்டுபிடித்தது, மரத்தூள் கலந்த காகிதம். எத்தனை தடவை வேண்டுமானாலும் மேலே பெயின்ட் அடிக்கலாம், ஓட்டை தெரியாது. ட்யூபெல் என்கிற சாம்பல் நிறப் பிளாஸ்டிக் முளையை வாங்கி அடித்து ஸ்க்ரூ போடுங்கள். இங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில், பிளாக் ஃபாரஸ்ட்டில்தான் ஆர்ட்டூர் ஃபிஷர் 1958இல் அந்த நைலான் முளையைச் செய்தார். இந்த ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை உண்டு, கடையில் எந்த அளவு வேண்டும் என்று கேட்டால் பத்து நிமிடம் பாடம் எடுப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

புது மேஜை நாற்காலிக்குப் பணம் கொட்ட வேண்டாம். தெருவில் அட்டைப் பெட்டியில் "ட்சூ ஃபெர்ஷெங்கென்", அதாவது இலவசம், என்று எழுதி வைத்திருப்பார்கள். பாத்திரம், புத்தகம், விளக்கு எல்லாம் கிடைக்கும், எடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, டாக்டரும் எடுக்கிறார். நான் இன்னும் சாப்பிடுகிற மேஜை அப்படி வந்ததுதான். கட்டில் விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன்: கணவன் மனைவி ஒரே கட்டில், ஆனால் ஆளுக்கொரு போர்வை. 135க்கு 200 சென்டிமீட்டர், குத்துமதிப்பாக ஒரு ஆளைச் சுருட்டுகிற அளவு. மெத்தையும் பல வீடுகளில் இரண்டாகத்தான் இருக்கும், நடுவில் இருக்கிற சந்துக்கு "விருந்தாளிச் சந்து" என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். முதலில் சிரித்தேன். ஒரு குளிர்காலம் முடிவதற்குள் எங்கள் வீட்டிலும் இரண்டு போர்வை வந்துவிட்டது. தலையணை 80க்கு 80 சதுரம், பாதி பஞ்சைத் திருடிவிட்டமாதிரி தொளதொளவென்று இருக்கும், அதற்கு மட்டும் நான் இன்னும் பழகவில்லை.

ஜன்னல் கைப்பிடி

இதை இரண்டு முறை படியுங்கள். ஜன்னல் கைப்பிடி கீழே பார்த்தால் பூட்டு. படுக்கையாக இருந்தால் கதவுமாதிரி முழுசாகத் திறக்கும். மேலே பார்த்தால் ஜன்னலின் மேல்பக்கம் மட்டும் உள்ளே சாயும், கிப் என்பார்கள். திறந்திருக்கும்போதே கைப்பிடியைத் தப்பாகத் திருப்பினால் ஜன்னல் ஒரு மூலையில் மட்டும் தொங்கி, இதோ விழப்போகிறது என்று உயிரை வாங்கும். விழாது. சட்டத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை மெல்லத் திருப்பினால் பழையபடி உட்காரும். முதல் தடவை நானும் என் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் ஜன்னலைத் தாங்கிக்கொண்டு, வீடியோ கூப்பிட்டு நண்பனிடம் கேட்டோம்.

குளிர்காலத்தில் நம் ஆட்கள் செய்கிற தப்பு இரண்டு. ஒன்று, குளிருக்குப் பயந்து ஜன்னலையே திறக்காதது. இன்னொன்று, கொஞ்சம் காற்று வரட்டும் என்று நாள் முழுக்கச் சாய்த்து வைப்பது. இரண்டாவதும் மோசம்தான், ஏனென்றால் காற்று சரியாக மாறாமல் ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் மட்டும் சில்லிட்டுப் போய், ஆவி எல்லாம் அங்கே போய் நீராகப் படியும். மூன்றாவது வாரம் மூலையில் கறுப்புப் புள்ளி. பூசணம். ஜெர்மனில் ஷிம்மெல். அந்த வார்த்தையைக் கேட்டால் வீட்டுக்காரர் முகம் மாறிவிடும்.

சரியான முறை இது: காலையில் எழுந்ததும், சமைத்து முடித்ததும், படுக்கப்போகும் முன்பும், ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலை முழுசாக, ஒன்றல்ல, எதிரெதிரே இரண்டாகத் திறந்து 5 நிமிடம் விடுங்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருந்தாலும் திறங்கள். குளிர்ந்த காற்றில் ஈரம் குறைவு, உள்ளே வந்து சூடானதும் வீடு காய்ந்துவிடும். 5 நிமிடத்தில் சுவர் குளிராது, அதனால் மூடினதும் சூடு சீக்கிரமே திரும்பிவிடும். லூஃப்டன் என்று சொல்வார்கள், பல வாடகை ஒப்பந்தங்களில் இதையும் எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். ஈரப்பதம் காட்டுகிற சின்னக் கருவி 10 யூரோவுக்குக் கிடைக்கும், 60 சதவீதத்தைத் தாண்டினால் ஜன்னலுக்கு ஓடுங்கள். இட்லி அவித்து முடிக்கும்போது எங்கள் வீட்டில் 75 காட்டும். துணியை அறைக்குள் காயப்போட்டால் அதே கதை, பல கட்டடங்களில் பாதாள அறையில் துணி காயப்போடவே இடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், ஒரு ஐந்து விரல் இடைவெளி விடுங்கள்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது கீழ்வீட்டுப் பாட்டி. எழுபத்தைந்து வயதிருக்கும். ஜனவரி மாதம், நல்ல பனி, வாசலில் நிறுத்தி, "உங்கள் சமையலறை ஜன்னல் இரண்டு வாரமாக உள்பக்கம் வேர்த்திருக்கிறது, நான் தோட்டத்திலிருந்து பார்க்கிறேன், ஏதாவது உடைந்துவிட்டதா?" என்று கேட்டார். இல்லை, குளிருகிறது, அதனால் திறக்கவில்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "குளிருவதால்தான் திறக்க வேண்டும்" என்றார்.

அடுப்பும் வாசனையும்

பெரும்பாலான வீடுகளில் கேஸ் கிடையாது, கறுப்புக் கண்ணாடி அடுப்புதான். குழிவான வாணலி அதில் நிற்காது, அடி தட்டையான பாத்திரமாக வாங்குங்கள். ஊரிலிருந்து இரும்பு தோசைக்கல் கொண்டுவந்தால் தூக்கி வையுங்கள், இழுத்தால் கீறல். அதைவிட முக்கியம்: வெல்லப்பாகோ பாயசமோ சிந்தினால் ஆறட்டும் என்று விடக் கூடாது. சர்க்கரை ஆறும்போது கண்ணாடியைப் பெயர்த்து எடுத்துவிடும். அடுப்பை அணைத்துவிட்டு, சூட்டோடு சூடாக, பிளேடு வைத்த சுரண்டியால் வழித்துவிட வேண்டும். எங்கள் அடுப்பில் ஒரு பொங்கலின் ஞாபகமாக நாலணா அளவுக்கு ஒரு குழி இருக்கிறது.

அடுப்புக்கு மேலே இருக்கிற சிம்னியை நம்பாதீர்கள். பல வீடுகளில் அது வெளியே எதையும் தள்ளாது, கரி வடிகட்டி வழியாக இழுத்துத் திரும்ப உங்கள் மூக்கிலேயே விடும். தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறங்கள். புகை வெளியே போகட்டும் என்று படிக்கட்டுப் பக்கத்து வாசல்கதவைத் திறந்தீர்களோ, நாலு மாடிக்கும் பெருங்காயம் போய்ச் சேரும், புகார் கடிதமாக வரும். நடைவழியிலும் படுக்கையறையிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்கும், காய்ந்த மிளகாய் கருகினால் ஊரைக் கூட்டும். பேட்டரியைக் கழற்றி வைக்கிற வேலை வேண்டாம்.

குக்கர் விசில் பற்றி: அவர்களும் குக்கர் வைத்திருக்கிறார்கள், ஆனால் அது கத்தாது. நம்முடையது கத்தினால் பக்கத்து வீட்டில் என்னவோ வெடிக்கப்போகிறது என்று நினைக்கிறார்கள். மிக்ஸியை ஒரு தடித்த துண்டுமேல் வைத்து அரையுங்கள், இரவு 10 மணிக்கு மேல் வேண்டவே வேண்டாம். மாவு புளிக்க வேண்டுமானால் ஓவனுக்குள் வைத்து, சூடு போடாமல் விளக்கை மட்டும் எரியவிடுங்கள், குளிர்காலத்திலும் பொங்கும். இட்லி அரிசி, கறிவேப்பிலை, முருங்கைக்காய்க்குக் கவலை இல்லை. எண்பதுகளில் வந்து குடியேறிய ஈழத்து மக்கள் கடை போட்டிருக்கிற ஊர் எதுவானாலும் கிடைக்கும், ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போனால் அங்கே கிடைக்காத தமிழ்ச் சாமானே இல்லை. தண்ணீர் குழாயிலேயே குடிக்கலாம், ஆனால் சுண்ணாம்பு அதிகமான ஊர்களில் கெட்டிலின் அடியில் வெள்ளைப் படலம் ஒட்டும், சிட்ரிக் அமிலத் தூள் போட்டு ஊறவைத்துக் கழுவுங்கள், பாத்திரக் கடை வரைக்கும் போக வேண்டாம், சூப்பர்மார்க்கெட்டிலேயே இருக்கும்.

சாயங்கால ரொட்டி

ஆபென்ட்ப்ரோட் என்றால் வார்த்தைக்கு வார்த்தை சாயங்கால ரொட்டி. ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள எங்கள் ஸ்வேபியப் பக்கம் ஃபெஸ்பர் என்பார்கள். ஆபீஸ் கேன்டீனில் பதினொன்றரை, பன்னிரண்டுக்கே சூடான சாப்பாடு முடிந்துவிடும் (அந்த நேரத்தில் வழியில் பார்க்கிறவரெல்லாம் "மால்ட்சைட்" என்பார்கள், அது வணக்கம், நீங்களும் அதையே திருப்பிச் சொன்னால் போதும்), ராத்திரிக்கு அடுப்பே பற்றவைப்பதில்லை. இப்போது இருவரும் வேலைக்குப் போகிற இளம் குடும்பங்களில் ராத்திரியும் சூடாகச் சமைப்பது சாதாரணம். ஆனாலும் வாரத்தில் சில நாளாவது ரொட்டி மேஜை உண்டு.

ஒருநாள் செய்து பாருங்கள், கஷ்டமே இல்லை. தட்டு கிடையாது, ஆளுக்கொரு சின்னப் பலகை, ப்ரெட்ஷென் என்று பெயர். நடுவில் வெட்டின ரொட்டி, வெண்ணெய், இரண்டு மூன்று வகை சீஸ், சாப்பிடுகிறவர்களுக்கு வூர்ஸ்ட் என்கிற இறைச்சித் துண்டுகள், ஊறுகாய் வெள்ளரி, முள்ளங்கி, தக்காளி. ரொட்டியில் வெண்ணெயை ஓரம் வரை தடவி, ஒரு சீஸ், மேலே இரண்டு முள்ளங்கி வில்லை, மேலே இன்னொரு ரொட்டி வைத்து மூடக் கூடாது, திறந்தபடியே சாப்பிட வேண்டும். பேச்சுதான் அதில் முக்கியமான பதார்த்தம், மேஜையில் ஒரு மணி நேரம் போய்விடும்.

ரொட்டி என்றால் பாக்கெட்டில் வருகிற மெத்துமெத்து வெள்ளை பிரெட்டை நினைக்காதீர்கள், அதற்கு இங்கே ரொட்டி மேஜையில் மரியாதை இல்லை. 3,000க்கு மேல் ரொட்டி வகை இருப்பதாக இங்குள்ள ரொட்டி சுடுகிறவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள், 2014இல் ஜெர்மன் ரொட்டிப் பண்பாட்டை நாட்டின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தார்கள். கம்பு ரொட்டி என்று நம் ஆட்கள் மொழிபெயர்க்கிற ரொக்கன்ப்ரோட் நம் கம்பில் செய்தது அல்ல, ரை என்கிற தானியம். கறுத்து, கனத்து, புளித்து இருக்கும். அந்தப் புளிப்பு மூன்றாம் நாள் தோசை மாவுப் புளிப்புதான், இரண்டும் மாவைப் புளிக்கவைத்துச் செய்வது. நெய் தடவி இட்லிப் பொடி தூவித் தின்று பாருங்கள், என் மாமியார் ஆறு மாதம் இங்கே இருந்தபோது கடைசியில் அதைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பேக்கரியில் முழுசாக வாங்கி வெட்டித் தரச் சொல்லலாம், ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், விறைத்துப்போகும், மரப்பெட்டியோ துணிப்பையோ போதும். சின்ன ரொட்டிக்கு ஊருக்கு ஊர் பேர் மாறும்: பொதுவாக ப்ரோட்ஷென், மியூனிக்கில் ஸெம்மல், பெர்லினில் ஷ்ரிப்பெ, எங்கள் பக்கம் வெக்லெ. தப்பான ஊரில் தப்பான பேரைச் சொன்னாலும் கொடுப்பார்கள், ஆனால் திருத்திவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெட் என்று சொல்லி ரொட்டிமேல் சிவப்பாகத் தடவி வெங்காயம் தூவியிருப்பது பச்சைப் பன்றி இறைச்சி. மௌல்டாஷென் கொழுக்கட்டைமாதிரி அப்பாவியாக இருக்கும், உள்ளே கறி. இந்தப் பக்கத்து விசேஷமான பருப்பும் ஷ்பெட்ஸ்லெயும் (முட்டை சேர்த்த ஒருவகை நூடுல்ஸ்) என்ற பெயரைக் கேட்டு நம்ம பருப்பு என்று ஓடாதீர்கள், மேலே இரண்டு சாஸேஜ் படுத்திருக்கும். "ஓனெ வூர்ஸ்ட்" என்றால் அதை எடுத்துவிடுவார்கள், ஆனால் பருப்பே பன்றிக் கொழுப்பில் வதங்கியிருக்கலாம், ஷ்பெக் போட்டதா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

காபிக்குக் கூப்பிட்டால்

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்குக் காபிக்கு வாருங்கள் என்றால் அது மூன்றரை. மூன்றேகால் அல்ல, நாலும் அல்ல. பூங்கொத்து வாங்கினால் காகிதத்தைப் பிரித்துவிட்டுக் கொடுங்கள், சிவப்பு ரோஜா வேண்டாம், அதற்கு வேறு அர்த்தம். வாசலில் செருப்பைக் கழற்றலாமா என்று கேளுங்கள், பல வீடுகளில் விருந்தாளிக்கென்று வீட்டுச் செருப்பு வைத்திருப்பார்கள்.

உள்ளே மேஜைமேல் வீட்டில் செய்த கேக், செப்டம்பரானால் ப்ளம் பழக் கேக், காகித வடிகட்டியில் இறங்கின காபி. அந்தக் காகித வடிகட்டியும் ஒரு குடும்பத் தலைவியின் வேலைதான்: ட்ரெஸ்டன் நகரத்து மெலிட்டா பென்ட்ஸ், காபியில் மண்டி வருவது பொறுக்காமல், மகனுடைய நோட்டுப் புத்தகத்து மையொற்றுத் தாளை எடுத்து, ஓட்டை போட்ட பித்தளைப் பாத்திரத்தில் போட்டு வடிகட்டி, 1908இல் பதிவும் செய்துவிட்டார். நம் டிகாக்‌ஷன் பழகின நாக்குக்கு இந்தக் காபி தண்ணியாகத்தான் இருக்கும், சொல்லிவிடாதீர்கள்.

இங்கேதான் நம் ஆட்கள் பட்டினி கிடப்பார்கள். இன்னொரு துண்டு கேக் வேண்டுமா என்று ஒரே ஒரு தடவைதான் கேட்பார்கள். நம் வழக்கப்படி மரியாதைக்காக "வேண்டாம், வேண்டாம்" என்று இழுத்தால், சரி என்று தட்டை எடுத்து வைத்துவிடுவார்கள். அவர்கள் கணக்கில் உங்கள் வார்த்தைக்கு மரியாதை கொடுக்கிறார்கள், வற்புறுத்துவதுதான் தப்பு. வேண்டுமென்றால் முதல் தடவையிலேயே வேண்டும் என்று சொல்லுங்கள். அதேபோல அவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்து போதும் என்று சொன்னால் போதும்தான், கரண்டியோடு துரத்தாதீர்கள். காபிக்கு வந்த விருந்தாளி ஆறு மணிக்குள் எழுந்துகொள்வது நல்லது, அதற்குமேல் அவர்களுக்கு ரொட்டி நேரம்.

தண்ணீர்

குளியலறைத் தரையில் தண்ணீர் போகிற ஓட்டை இருக்கிறதா என்று முதல் நாளே குனிந்து பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. தண்ணீர் ஷவர் தொட்டிக்குள்ளும் வாஷ்பேஸினுக்குள்ளும் மட்டும்தான். இது எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாவது வீட்டில், தீபாவளிக்கு முந்தின நாள், வீடு கழுவுகிறேன் பேர்வழி என்று இரண்டு பக்கெட் தண்ணீரைத் தரையில் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தேன். அடுத்த நாள் காலையில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அவர் குளியலறைக் கூரையில் இலங்கை வரைபடம் மாதிரி ஒரு பழுப்புக் கறை. கையில் மைசூர்பாகுத் தட்டோடு நின்ற என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஹாஃப்ட்ஃப்ளிஹ்ட் இருக்கிறதா?" அது பிறருக்கு நம்மால் வருகிற நஷ்டத்தை ஈடு செய்கிற இன்சூரன்ஸ். வருடத்துக்கு 100 யூரோகூட ஆகாது, இங்கே பெரும்பாலான வீடுகளில் உண்டு. நல்லவேளை, ஒரு மாதம் முன்புதான் நண்பன் வற்புறுத்தி எடுக்கவைத்திருந்தான், அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். மைசூர்பாகும் வாங்கிக்கொண்டு போனார்.

கழிப்பறையில் காகிதம்தான், ஹேண்ட் ஷவர் கிடையாது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மூக்குநீண்ட சின்னப் பூவாளி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகள் உங்களுக்குத் தோட்டக்கலையில் ஆர்வம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கதவில் தொங்குகிற பலகை

ஒருநாள் உங்கள் கதவுக் கைப்பிடியில் கேர்வோஹெ என்று எழுதின பலகை தொங்கும். இது ஸ்வேபியப் பக்கத்துக்கே உரிய முறை, பெருக்குகிற வாரம் என்று பொருள். இந்த வாரம் படிக்கட்டு உங்கள் பொறுப்பு. இதில் சின்னது, பெரியது என்று இரண்டு உண்டு: சின்னது என்றால் உங்கள் வாசலும் உங்கள் மாடிப் படியும், பெரியது என்றால் நுழைவாயில், பாதாள அறை, வெளி நடைபாதை, பனி விழுந்தால் அதை வழிப்பதும். படி அழுக்காகவே இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். சனிக்கிழமை காலையில், நாலு பேர் பார்க்கும்படி, ஈரத்துணியோடு படியில் இருங்கள், பிறகு பலகையை அடுத்த வீட்டுக் கைப்பிடியில் மாட்டுங்கள். நான் பத்து மாதத்தில் ஜெர்மன் வகுப்பில் கற்றதைவிட அந்தப் படிக்கட்டில் பேசிக் கற்றதுதான் அதிகம்.

ஞாயிறு அன்று டிரில் போடாதீர்கள், வாக்குவம் கூட வேண்டாம், கண்ணாடி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போடப் போகாதீர்கள். கடைகள் மூடியிருக்கும், பேக்கரி மட்டும் காலையில் சில மணி நேரம். சனிக்கிழமையே தயிர் வாங்கிவிடுங்கள். குப்பை: காகிதம், பிளாஸ்டிக் உறைகள், சமையல் கழிவு, மற்றது. கண்ணாடி, தெருமுனையில் வெள்ளை, பழுப்பு, பச்சை என்று தனி. நீல பாட்டில் பச்சையில். பிளாஸ்டிக் பாட்டிலையும் கேனையும் நசுக்காமல் கடை இயந்திரத்தில் போட்டால் ஒன்றுக்குப் பெரும்பாலும் 25 சென்ட் திரும்ப வரும், பீர் பாட்டிலுக்கு 8. கதவு மணியில் வீட்டு எண் இருக்காது, பேர்தான். தபால் பெட்டியிலும் மணியிலும் ஒப்பந்தத்தில் உள்ளபடியே குடும்பப் பெயர் எழுதுங்கள். இனிஷியலும் அப்பா பேரும் குழம்பி, என் பாஸ்போர்ட் தபால் "இப்படி யாரும் இல்லை" என்று திரும்பிப் போயிருக்கிறது.

காலி செய்யும்போது

உள்ளே வரும்போதே ஒவ்வொரு கீறலையும் போட்டோ எடுத்து, ஒப்படைப்புப் படிவத்தில் எழுதவைத்து, ஹீட்டர், கரண்ட், தண்ணீர் மீட்டர் எண்ணையும் குறித்துக்கொண்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. போகும்போது முளைகளைப் பிடுங்கி ஓட்டையைப் பூசுங்கள், மஞ்சள் கறை பிடித்த சமையலறைச் சுவருக்கு இரண்டு கை வெள்ளை அடியுங்கள். சிம்னி வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள், வீட்டுக்காரர் அதைத்தான் முதலில் திறப்பார். சமையலறை உங்களுடையது என்றால் ஆப்லோஸெ பேச இப்போது உங்கள் முறை. சாவி எண்ணிக்கை சரியாக இருக்கட்டும், பாதாள அறைச் சாவியும் சேர்த்து. கடைசியாக மெயினை அணைத்து, ஏணி போட்டு, விளக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, மூன்று கம்பியையும் முனையில் காப்புக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வாருங்கள்.